ஆத்துத் தண்ணி: படுவான்கரையில மூண்டு ஊர்க் குயவர் சேந்து செஞ்ச வேலையும் பொரிஞ்ச சட்டியும்

இது என்ன, ஆருக்கு

2023 ஆனில தொடங்கி 2024 பங்குனி மட்டும் நடந்த ஒரு வேலையப் பத்தின பதிவு இது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில ஒரு கிராமம், அங்க சட்டி பானை செய்யிற நாலு குடும்பம், ஜப்பான்ல இருந்து வந்த ஒரு குயவர், கேகாலைப் பக்கமிருந்து வந்த ஒரு சிங்களச் சூளை பாஸ் (சூளை கட்டுற வேலைக்காரர்), இவ்வளவு பேரும் சேந்து செஞ்ச வேலை. எனக்கு மொழிபெயர்ப்பும் ஓட்டமும், அதாவது வேன் பிடிக்கிறது விறகு ஏத்துறது கணக்கு எழுதுறது எல்லாம். ஆக்கள்ட பேர், ஊர்ட பேர், காசு குடுத்த ஆக்கள்ட பேர் ஒண்டும் போடல்ல. இதே மாதிரி வேலைக்கு இடையில நிண்டு கதைக்கப் போற பொடியன் பொட்டையளுக்குத்தான் முக்கியமா எழுதுறன், ஏனெண்டா இதில ஒரு பெரிய பிழை என்னால நடந்தது, அது நடுவில வரும்.

பின்னணி

அந்தக் கிராமத்துல முந்தி முப்பது வீட்டுக்கு மேல மண்ணு வேல செஞ்சதாம். யுத்தத்துல இடம்பெயர்ந்து அலைஞ்சு திரும்பி வந்த பிறகு தொழிலுக்குத் திரும்பினது கொஞ்சப் பேர், மிச்சத்த அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் முடிச்சிட்டு. வருசம் முழுக்க ஓடுற ஒரே சாமான் தயிர்ச் சட்டிதான். எருமத் தயிர் மண் சட்டிலதான் இறுகும், சட்டி தயிர்ல இருக்கிற தண்ணிய உறிஞ்சி வெளியால ஆவியாக்குறதால தயிர் கட்டியாவும் குளுமையாவும் நிக்கும், பிளாஸ்ரிக் வாளில உறைய வச்சுப் பாருங்க, மேல தண்ணி நிக்கும். அதுக்கு மேல வைகாசில கண்ணகை அம்மன் சடங்குக்குப் பானையும் குடமும், கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி, தையில பொங்கல் பானை.

வேல பிரிஞ்சிருக்கிற விதம் முக்கியம். ஆம்பிளையள் சக்கரத்துல வாயையும் கழுத்தையும் எடுத்து உடம்பத் தடிப்பா விட்டுருவாங்க. அது பாதி காஞ்சதும் பொம்பிளையள் உள்ளுக்கு ஒரு உருண்டைக் கல்லப் பிடிச்சு வெளியால பலகையால தட்டித் தட்டி அடிய உருட்டி மெல்லிசாக்குவாங்க. ஒரு சட்டில ஆம்பிளைட நேரம் ரெண்டு மூண்டு நிமிசம், பொம்பிளைட நேரம் அரை மணித்தியாலத்துக்கு மேல. இத அப்பவே எழுதி வச்சிருந்தா பிறகு வந்த சண்டை ஒண்டு வந்திருக்காது.

சுடுறது வெளியிலதான். நிலத்துல பொச்சுமட்டையும் விறகும் பரப்பி, சட்டியக் கவுத்து அடுக்கி, வைக்கோலால மூடி, மேல சேறு பூசி, பின்னேரம் நெருப்பு வச்சா விடிய எடுக்கலாம். இப்ப வெட்டு மெசின் வந்த பிறகு நீட்டு வைக்கோல் கிடைக்கிறது கஷ்டம், அது துண்டு துண்டாத்தான் வருது.

காசு குடுத்த ஆக்கள்ட கணக்கு இது: இந்தச் சட்டி வண்டில ஏத்திக் கொழும்புக்குப் போனா பாதி வழில உடையுது, சூளை கட்டிக் கூடச் சூட்டுல சுட்டா பலமாகும், வெளிநாட்டுக் குயவர் ஒராள் வந்து புது வடிவம் காட்டினா நகரத்துல விலை போகும். கேட்டா சரி மாதிரித்தான் இருந்தது, எனக்கும் அப்ப அப்பிடித்தான் பட்டது.

தொடங்க முந்தி

முதல் போட்ட திகதி வைகாசி நடுவில. பெரியவர், அதாவது நாலு குடும்பத்துக்கும் மூத்தவர், கேட்ட உடனே ஒண்ணா எண்டுட்டார். கோயில் ஓடர் கிடக்கு, அம்மன் சடங்கின்ட கடைசியில வாற குளிர்த்தி முடியாம வேற மண்ணு மிதிக்க ஏலாது. காசு குடுத்த ஆக்களுக்கு அது பிடிக்கல்ல, டிக்கெட் போட்டாச்சு எண்டு கத்தினாங்க. கடைசில திகதிய மாத்தினம். இதுல நாங்க செஞ்ச சரியான முடிவு இது ஒண்டுதான் எண்டு சில நேரம் நினைக்கிறன். ஆனில கச்சான் காத்து அடிக்கத் தொடங்கிட்டு, மண்ணு காயிறதுக்கு அத விட நல்ல காலம் இல்ல, ஆக்களும் ஆறுதலா இருந்தாங்க.

ஜப்பான்ல இருந்து வந்தவங்க ஒரு பொம்பிளை, நாப்பத்தஞ்சு வயசு மட்டும் இருக்கும், ஊர்ல எல்லாரும் மிஸ் எண்டுதான் கூப்பிட்ட. இகா எண்ட இடத்துல வேல பழகினவங்க. அங்க தொனாபே எண்டு ஒரு சட்டி செய்யிறாங்க, மூடியோட வரும், நேரா நெருப்புல வச்சுச் சோறு ஆக்கலாம். அந்த ஊர் மண்ணு 40 லட்சம் வருசத்துக்கு முந்தி பீவா ஏரி கிடந்த தரையில எடுக்கிற மண்ணாம், அதுக்குள்ள கிடக்கிற பழைய செடி கொடி சுடக்குள்ள எரிஞ்சு போய்ச் சின்னச் சின்ன ஓட்டையா நிக்கிறதால சூட்டத் தாங்குது. நாங்களும் குளத்து மண்ணுதான் எடுக்கிறம் எண்டு பெரியவர் சொன்னார், அது அவங்களுக்கு நல்லாப் பிடிச்சது.

மூலையில கரண்டுச் சக்கரம் ஒண்டு கிடந்தது, ஏதோ ஒரு திட்டத்துல முந்தி குடுத்தது, மேல நெல்லு மூட்டை. ஏன் பாவிக்கல்ல எண்டு மிஸ் கேட்டாங்க. போட்டுக் காட்டினம், அது இடப்பக்கமா மட்டும் சுத்துது, பெரியவர்ட சக்கரம் வலப்பக்கமாச் சுத்துறது, கை எல்லாம் அதுக்குப் பழகினது. மிஸ்ஸும் வலப்பக்கமாச் சுத்தித்தான் பழகினவங்களாம். ரெண்டு பேரும் அந்த மெசினப் பாத்துச் சிரிச்ச சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படல்ல.

ஆனா மற்ற நாளே மிஸ் பெரியவர்ட சக்கரத்துல குந்தி இருந்து சட்டி எடுக்கத் தொடங்கிட்டாங்க, ஆரையும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. அந்த வீட்டுல பொம்பிளையள் சக்கரத்துல கை வைக்கிறதில்ல. பெரியவர் ஒரு சொல்லும் சொல்லல்ல, ரெண்டு நாள் வேல செய்யல்ல, மூண்டாம் நாள் சக்கரத்தக் கழுவி, கற்பூரம் கொளுத்திப் போட்டுத் திரும்ப இருந்தார். மிஸ் விளங்கிக்கொண்டு அதுக்குப் பிறகு கையால திரிச்சு வளைச்சுக் கட்டுற வேலைக்கு மாறிட்டாங்க. இதப் பத்தி ஒருத்தரும் கதைக்கல்ல.

மண்ணு: எடுத்த முடிவும் காரணமும்

அங்க மண்ணு ரெண்டு விதமாக் கலப்பாங்க. குளத்து மண்ணு ரெண்டு கூடை, ஆத்தங்கரை மண்ணு ஒரு கூடை. ஆத்தங்கரை மண்ணுல மணலும் மட்டிச் சிப்பித் தூளும் கிடக்கும், அது இல்லாட்டி சட்டி அடுப்புல வெடிக்கும் எண்டு சொல்லுவாங்க. மிதிக்கிறதுக்கு ஊத்துறது ஆத்துத் தண்ணி.

மிஸ் கவனிச்ச முதல் விசயம், சுட்ட சட்டில வெள்ளையாப் பூக்கிறது. உப்பு. கொழும்புக் கடையில இத வாங்க மாட்டாங்க, பூஞ்சணம் எண்டு நினைப்பாங்க. அதால கிணத்துத் தண்ணில மிதிச்சுப் பாப்பம் எண்டு சொன்னாங்க. பெரியவர்ட மனுசி, நான் பெரியம்மா எண்டு கூப்பிடுறவ, வெத்திலைய ஒதுக்கிப் போட்டுச் சொன்னா: "ஆத்துத் தண்ணில மிதிச்ச மண்ணுதான் மனே நெருப்புக்குத் தாங்கும்."

நான் அத இங்கிலீசில சொன்னன். மிஸ் தலைய ஆட்டிப் போட்டு, பரவாயில்ல, வித்தியாசம் இருக்கோ எண்டு ஒருக்காப் பாப்பம் எண்டாங்க. பெரியம்மா இன்னொரு நாளும் சொன்னா, கூடவே "மாரில ஆறு இனிக்கும், அப்ப அது உதவாது" எண்டும் சொன்னா. அதையும் சொன்னன். மிஸ் சிரிச்சுக்கொண்டு நோட்டுல எழுதினாங்க.

கடைசியாக் கிணத்துத் தண்ணி, மண்ண வலையில வடிக்கிறது, இந்த ரெண்டையும் செய்யிறதெண்டு முடிவு. வடிச்சா பெரிய சிப்பி போகும், தூள் போகாது, அது பிறகுதான் எங்களுக்கு உறைச்சது.

இன்னொரு யோசனையும் இருந்தது, கல்லு மாதிரி இறுகச் சுட்டு மெருகு பூசின சாமான் செய்யிறது. அதுக்கு 1200 பாகைக்கு மேல சூடு வேணும். கம்பஸ்ல தெரிஞ்ச ஒராள்ட கையக் காலப் பிடிச்சு எங்கட மண்ணுத் துண்டு ஒண்ட 1150 மட்டும் சுட்டுப் பாத்தம், பணியாரம் மாதிரி ஊதிச் சரிஞ்சு போய்ட்டு. அந்த யோசனை அதோட முடிஞ்சது.

சூளை

சூளை கட்டினது கேகாலை பாஸ். அவங்கட பரம்பரையும் குயவர்தான், அந்தப் பக்கம் செங்கல் சுவர் வச்ச சூளையில அடியால நெருப்புப் போட்டு மேலால புகை போறமாதிரிச் சுடுறாங்க. அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், உகணைப் பக்கம் செங்கல் வாடில வேல செஞ்ச காலத்துல பழகினது. பன்ரெண்டு நாள்ல கட்டி முடிச்சார், பெரியவர்ட மருமகன் ரெண்டு பேர் கூட நிண்டாங்க. இவங்க மூண்டு பேரும் கதைச்சது மிச்சம் குறைவு, வேல வலு வேகமாப் போச்சு.

சூளை காயிற நேரத்துல வழமையான வெளிச் சூடு ஒண்டுக்குள்ள தெர்மோகப்பிள, அதாவது சூடு அளக்கிற கம்பிய, விட்டுப் பாத்தம். கூடின சூடு 720 பாகை, அதுவும் கொஞ்ச நேரம்தான், பிறகு இறங்கிட்டு. சூளையில 920 மட்டும் போவம் எண்டு மிஸ்ஸும் பாஸும் தீர்மானிச்சாங்க. பெரியவர் கேட்டது ஒண்டே ஒண்டு: "தயிர்ச் சட்டி அவ்வளவு வெந்தா தண்ணி குடிக்குமா?" அந்தக் கேள்விய நான் சரியாத்தான் மொழிபெயர்த்தன், அதுக்கு ஆரும் பதில் சொல்லல்ல.

ஆடி முதல் கிழமை முதல் சூடு. எழுபது சாமான் வச்சம். கிளிசரியா விறகும் தென்னம் மட்டையும். சின்ன நெருப்புல நாலு மணித்தியாலம் ஈரம் போக வச்சு, பிறகு மெல்ல ஏத்தி, இரவு பத்தரைக்கு 920. மற்ற நாள் காலமை பொறுக்க ஏலாம கொஞ்சம் முந்தியே சூளை வாயத் திறந்துட்டம். ஆறு சாமான் கீறி இருந்தது, 573 பாகையில மண்ணுக்குள்ள இருக்கிற குவாட்ஸ் சட்டெண்டு சுருங்கும், அந்த இடத்த மெதுவாக் கடக்க விட்டிருக்கணும். மிச்சம் அறுபத்து நாலும் செக்கச் செவேலெண்டு, தட்டினா மணி மாதிரிச் சத்தம். போட்டோ எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினம், அண்டைக்கே ஓடர் வந்தது. மத்தியானம் கோழிக்கறி.

நாலாம் நாள்

காலமை பெரியம்மாட மகள் முத்தம் கூட்டக்குள்ள கண்டிருக்கா, சட்டி அடுக்கின இடத்துல செதில் செதிலா மண்ணு கொட்டிக் கிடக்கு. சட்டியத் தூக்கிப் பாத்தா வயித்துல காசளவு பள்ளம், நடுவில வெள்ளைப் புள்ளி. பின்னேரம் நாங்க இருந்து பாக்கக்குள்ளயே இன்னொரு சட்டில டிக்கெண்டு சத்தம், ஒரு செதில் தெறிச்சு விழுந்தது. பத்து நாள் போக அறுபத்து நாலுல நாப்பத்தொண்டு அப்பிடி ஆயிட்டு. சிலது வாய்ப்பக்கம் பிளந்து ரெண்டாப் போனது.

மிஸ் முதல் நினைச்சது மண்ணு சரியா வடிக்கல்ல எண்டு, பாஸ் நினைச்சது சூளை ஈரம் எண்டு, நான் நினைச்சது கொழும்புக்கு என்ன சொல்லுற எண்டு. பெரியம்மா வந்து அந்த வெள்ளைப் புள்ளிய நகத்தால கிள்ளி நாக்கு நுனில வச்சா. துப்பினா. "சுண்ணாம்பு மனே. சுடுது."

விசயம் அவ்வளவுதான், வெத்திலை போடுற ஊருக்கு இது தெரியாத விசயமும் இல்ல. சிப்பி சுட்டா சுண்ணாம்பு. சுட்ட சிப்பில தண்ணி தெளிச்சா பொரிஞ்சு ஊதி மாவாப் போகும். சட்டிச் சுவருக்குள்ள கிடக்கிற சிப்பித் தூளும் அதத்தான் செய்யிது, 920 பாகையில நல்லாச் சுட்டுச் சுண்ணாம்பாகி, பிறகு காத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சு ஊதி, மேல இருக்கிற மண்ணத் தள்ளி விழுத்துது. 720 பாகையில கொஞ்ச நேரம் நிக்கிற வெளிச் சூட்டுல சிப்பி அவ்வளவா வேகாது, அதால இத்தன வருசமா இந்தப் பிரச்சினை வரல்ல. சட்டிய நல்லாச் சுட்டதுதான் சட்டியக் கெடுத்தது.

என்ட வாயில நடந்த பிழை

அண்டைக்குப் பின்னேரம் பெரியம்மா மூண்டாந் தரமாச் சொன்னா, கோபமாத்தான் சொன்னா: "ஆத்துத் தண்ணி எண்டு அப்பவே சொன்னன், கேட்டாக்காணும்." நான் வழமை மாதிரி மிஸ்ஸுக்குச் சொல்ல வாயெடுக்க, பக்கத்துல சீமெந்துக் கட்டில இருந்த பாஸ் அரைத் தமிழ்ல கேட்டார், ஆறு எண்டுறது அந்தா கிடக்கிற கலப்புத்தானே, அது உப்புத்தானே எண்டு. சிங்களத்துல களப்பக் கலப்புவ எண்டுதான் சொல்லுற.

எனக்கு அப்பிடியே குளிர்ந்து போச்சு. எங்கட பக்கம் வாவிய ஆறு எண்டுதான் சொல்லுற, எனக்கும் அது நல்லாத் தெரியும், நான் அந்த ஆத்துல குளிச்சு வளந்தவன். ஆனா இங்கிலீசில சொல்லக்குள்ள ஒவ்வொரு தரமும் நதி எண்ட கருத்துலதான் சொல்லியிருக்கன். மிஸ்ட மண்டையில அது மலையில இருந்து வாற நல்ல தண்ணி. நல்ல தண்ணிக்கும் கிணத்துத் தண்ணிக்கும் என்ன வித்தியாசம், அதால அவங்க அதப் பெரிசா எடுக்கல்ல, அவங்களக் குறை சொல்ல ஏலாது. மாரில ஆறு இனிக்கும் எண்டது, மழை வெள்ளம் வந்து வாவித் தண்ணி உப்பில்லாமப் போகும் எண்ட சுத்தமான தொழில் கதை, அத அவங்க கவிதை எண்டு எழுதி வச்சிருந்தாங்க, நோட்டக் காட்டினாங்க, பக்கத்துல பூ ஒண்டும் கீறிக் கிடந்தது.

ஒரு சொல்லு தெரியாட்டி நிண்டு கேப்பம். தெரிஞ்ச சொல்லு எண்டா நிக்க மாட்டம், அதுதான் நடந்தது.

சோதிச்சுப் பாத்தது

அடுத்த சூட்டுக்கு ஓடர்ச் சாமான் ஒண்டும் வைக்கிறதில்ல எண்டு முடிவெடுத்தம். காசு குடுத்த ஆக்கள் ஒரு சூடு வீண் எண்டாங்க, மிஸ் தன்ட நாள்ல கழிக்கச் சொல்லிச் சமாளிச்சாங்க. ஒரே மண்ணு, ஒரே அளவுக் கோப்பை, ஒவ்வொரு விதத்துலயும் பன்ரெண்டு. ரெண்டு கிழமை வெளியில வச்சுப் பாத்தம்.

கிணத்துத் தண்ணில மிதிச்சு வெளியில சுட்டதுல ஒண்டும் பொரியல்ல, ஆத்துத் தண்ணில மிதிச்சு வெளியில சுட்டதுலயும் ஒண்டும் இல்ல. கிணத்துத் தண்ணி மண்ண சூளையில சுட்டது பன்ரெண்டுல ஒம்பது போச்சு. ஆத்துத் தண்ணி மண்ணு அதே சூளையில, அதே சூட்டுல, ஒண்டே ஒண்டுதான். பாஸ் இன்னொரு விதம் செஞ்சு பாக்கச் சொன்னார், சூளையால எடுத்த சூட்டோட தண்ணித் தொட்டில போட்டு ஊற விடுறது, செங்கல் வாடில கண்டதாம். கிணத்துத் தண்ணிக் கோப்பை பன்ரெண்ட அப்பிடிப் போட்டதுல ஒண்டும் பொரியல்ல, ஆனா மூண்டு கோப்பை தண்ணில போட்ட உடனே பிளந்துட்டு.

உப்பு ஏன் காப்பாத்துது எண்டதுக்குச் சொல்லுற விளக்கம், உப்புச் சேந்தா அந்தச் சுண்ணாம்புத் துணிக்கை நெருப்புலயே நெருங்கி இறுகிடும், பிறகு ஈரத்த அவ்வளவாக் குடிக்காது எண்டு. பப்புவா நியூகினிக் கரையோரத்துலயும் சுண்ணாம்பு கலந்த மண்ணக் கடல் தண்ணில குழைக்கிற குயவர் இருந்திருக்காங்க. பெரியம்மா பப்புவாவக் கண்டவ இல்ல, அவட தாய் சொல்லிக் குடுத்தது.

பன்ரெண்டு கோப்பை சின்னக் கணக்குத்தான், அதுவும் ஒரே மண்ணு, ஆடி மாசத்து ஆறு, உப்பு உச்சத்துல நிக்கிற நேரம். வேற ஊர் மண்ணுக்கு இத அப்பிடியே தூக்கிப் போட ஒண்ணா.

இதுக்குப் பிறகு எடுத்த முடிவு: தயிர்ச் சட்டிய ஒருத்தரும் தொடுறதில்ல, அது ஆத்துத் தண்ணி, வெளிச் சூடு, முந்தி இருந்த மாதிரியே. பெரியவர்ட கேள்விக்கும் அதோட பதில் கிடைச்சது, சூளையில சுட்ட தயிர்ச் சட்டி ரெண்டுல பாலுறைய வச்சுப் பாத்தா மேல தண்ணி கூட நிண்டது, பக்கத்து வீட்டுப் பட்டிக்காரர் பாத்த உடனேயே வேணாம் எண்டுட்டார். சூளை நகரத்துக்குப் போற சமையல் சட்டிக்கு மட்டும், ஆத்துத் தண்ணி மண்ணுல, சூடு 800க்குக் குறைச்சு. வெள்ளை பூக்கிறதுக்கு, சுட்ட சட்டிய ரெண்டு நாள் தண்ணில ஊற வச்சுப் பொச்சால தேய்ச்சுக் காய வைக்கிறது. முழுக்கப் போகாது, மங்கிடும்.

மூடிச் சட்டி

இது நல்லாப் போன பகுதி, அதால சுருக்கமா. மிஸ் கொண்டு வந்த தொனாபே வடிவம் கிட்டத்தட்டத் தட்டை அடி. எங்கட மண்ணுல அத அப்பிடியே செஞ்சா அடியும் சுவரும் சந்திக்கிற மூலையில கீறுது, ஒரு பக்கம் சூடேறி விரிய மற்றப் பக்கம் நிண்டு இழுக்கும். உருண்டை அடி கீறாது, ஆனா டவுன்ல காஸ் அடுப்புல ஆடும். மூண்டு தரம் செஞ்சு பாத்துக் கடைசில பெரியம்மாட மகள்தான் கண்டுபிடிச்சது, உருட்டித் தட்டி முடிச்ச பிறகு அடில மட்டும் பலகையால மெல்லத் தட்டி ஒரு உள்ளங்கை அளவுக்குச் சமமாக்குறது, ஓரம் உருண்டையாவே நிக்கும். மூடி பொருந்தாம ஒரு கிழமை போச்சு, பொம்பிளையள் தட்டக்குள்ள வாய் வட்டம் கோணுறதால. மறுகா தோளுக்குக் கீழ மட்டும் தட்டி, தட்டி முடிஞ்ச பிறகு மூடிக்கு அளவெடுத்து, ரெண்டையும் ஒண்டுல ஒண்ட வச்சே காய விட்டம்.

புதுச் சட்டியப் பழக்குறதப் பத்தி மிஸ் ஒரு பாடம் எடுக்க ஆயத்தமா வந்திருந்தாங்க. அவங்கட ஊர்ல புதுத் தொனாபேல முதல் கஞ்சி காச்சணும், சோத்துப் பசை ஓட்டையள அடைக்கும், அதுக்கு மெதோமே எண்டு பேர். அவங்க அரிசிய எடுக்கக்குள்ளயே பெரியம்மா வடிச்ச கஞ்சித் தண்ணியச் சிரட்டையோட கொண்டு வந்து நிக்கிறா. பாடம் அதோட முடிஞ்சது, அந்தக் கஞ்சியச் சம்பலோட குடிச்சம்.

காசும் பேரும்

நான் போட்ட சம்பளச் சீட்டுல சக்கரத்துல எடுத்த சாமான் எண்ணிக்கைக்குத்தான் கணக்கு. பொம்பிளையள்ட தட்டுற வேலைக்கு ஒரு நிரலே இல்ல. ஆவணி முதல் கிழமை நாலு பேரும் பலகையக் கீழ வச்சுட்டாங்க, சத்தம் சண்டை இல்ல, "எங்களுக்கு வீட்டு வேலை கிடக்கு" எண்டாங்க. ரெண்டு நாள்ல சீட்ட மாத்தி, நேரக் கணக்குக்குக் கொண்டு வந்து, பழைய நாளுக்கும் சேத்துக் குடுத்தம். காசு குடுத்த ஆக்களுக்கு எழுதின அறிக்கையில இத நான் சின்னத் தாமதம் எண்டு எழுதினன், அது சரியில்ல, இப்ப இஞ்ச திருத்தி எழுதுறன்.

மார்கழில கொழும்புல காட்சிக்கு வச்சாங்க. பேர்த்துண்டுல மிஸ்ட பேர் பெரிசா, கீழ சின்னதா மட்டக்களப்புக் குயவர்களின் உதவியுடன் எண்டு. மிஸ் ஒவ்வொருத்தர்ட பேரும் எழுதி அனுப்பினதுதான், இடம் காணாதெண்டு ஆரோ வெட்டிட்டாங்களாம். போட்டோவப் பாத்துப் போட்டுப் பெரியம்மா கேட்டா, "ஆருக்கு ஆருகா உதவி செஞ்ச?" பக்கத்துல நிண்ட மகளத்தான் கேட்டா, பதில் நான்தான் சொல்ல வேண்டி இருந்தது, என்னட்ட இல்ல.

இது எங்களுக்கு மட்டும் நடக்கிற விசயமில்ல. நைஜீரியாவில 1950களில மைக்கல் கார்டியூ எண்ட இங்கிலாந்துக் குயவர் அபுஜால (இப்ப சுலேஜா எண்டு சொல்லுற ஊர்) பயிற்சி நிலையம் நடத்தக்குள்ள லாடி குவாலி எண்ட ஒரு பொம்பிளை அங்க வந்து சேந்தவ, கையால பானை கட்டுறதுல கெட்டிக்காரி. அவட பேர் வெட்டுப்படல்ல, உலகம் முழுக்கத் தெரியும், அவட படம் நைஜீரியாட 20 நைரா நோட்டுல இருக்கு. ஆனா மெருகு பூசிக் கூடச் சூட்டுல சுட்ட அந்தப் பானையள் தண்ணி குளிர வைக்கிற பானையா இல்லாம அலுமாரில வைக்கிற சாமானாப் போய்ட்டு. எங்களுக்குப் பானை தப்பினது, பேர் தப்பல்ல.

பேச்சுவார்த்தைக்குப் பிறகு எடுத்த முடிவு, எடுத்தவர்ட குறியும் தட்டினவட குறியும் ரெண்டும் சட்டி அடில பச்சையா இருக்கக்குள்ளயே பதிக்கிறது. பேர்த்துண்டு வெட்டலாம், அடி மண்ண வெட்ட ஏலாது எண்டு மருமகன் சொன்னார்.

பிறகு நடந்தது

மிஸ் ஆவணி கடைசில போய்ட்டாங்க. புரட்டாதில மூடிச் சட்டி ரெண்டு சூடு போனது, கிட்டத்தட்ட எல்லாம் வித்தது. மார்கழில ஒரு குடும்பம் பொங்கல் ஓடருக்கு மழை விட்ட நாலு நாளப் பாத்து மூடிச் சட்டி இருபது செஞ்சு சூளையில சுட்டது. தை பிறக்க முந்தி பதினாறு பொரிஞ்சிட்டு. ஆத்துத் தண்ணிலதான் மிதிச்சது. பெரியம்மாட்டச் சொல்லாமச் செஞ்சிருக்காங்க, அவ கேள்விப்பட்டு மழைத் தண்ணி நிக்கிற வாவிய ஒருக்காப் பாத்துப் போட்டு, "இனிக்கிற ஆத்துல மிதிச்சா என்ன செய்யும்" எண்டா. இப்ப மாரில செய்யிறதெண்டா வாளிக்கு ஒரு பிடி கறியுப்புப் போடுறாங்க, எவ்வளவு போட்டாக் காணும் எண்டு இன்னும் அளந்து பாக்கல்ல, நாக்குல வச்சுத்தான் பாக்குறாங்க.

வீடியோ கோல்ல இத மிஸ்ஸுக்குச் சொன்னன். அவங்க எழும்பிப் போய் அந்த நோட்ட எடுத்துக் கொண்டு வந்து, பூ கீறின பக்கத்தக் கிழிச்சு மண்ணுக் கணக்கு எழுதின பக்கத்துல ஒட்டினாங்க.

பெரியவர்ட பேத்தி, பதினேழு வயசு, மாசி மாசம் ஒரு பின்னேரம் சக்கரத்துல குந்தி இருந்து சிட்டி எடுத்துக்கொண்டு இருந்திருக்கா. பெரியவர் வந்து பாத்துக்கொண்டு நிண்டவர், "காலச் சரியா மடக்கி இரு" எண்டு மட்டும் சொல்லிப் போட்டு உள்ளுக்குப் போனவராம். இத மிஸ்ஸால வந்த மாற்றம் எண்டு அறிக்கையில எழுதச் சொன்னாங்க, நான் எழுதல்ல, எதால வந்தது எண்டு அந்த மனுசனுக்குத்தான் தெரியும்.

திரும்பச் செஞ்சா

முதல் கிழமை ஒருத்தரும் ஒண்டும் செய்யாம, அவங்க வழமையாச் செய்யிறத மண்ணு எடுக்கிறதுல இருந்து சட்டி விக்கிற மட்டும் பாத்து எழுதுறதுக்கே விடுவன். ஒவ்வொரு சாமானும் எதுக்கு எண்டு கேட்டு எழுதியிருந்தா தயிர்ச் சட்டிய நாங்க சூளைக்குள்ள வச்சிருக்கவே மாட்டம்.

மொழிபெயர்ப்புக்கு ரெண்டு நோட்டு. ஒண்டுல அவங்க சொன்னது சொன்னபடி தமிழ்லயே, மற்றதுல நான் என்னெண்டு சொன்னன் எண்டது. இரவு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கிறது. தண்ணி, மண்ணு, விறகு மாதிரிச் சாமான் பேர் வந்தா சொல்லால சொல்லாம ஆள அந்த இடத்துக்குக் கூட்டிக் கொண்டு போய்க் காட்டுறது, ஆறு எங்கட முத்தத்துல இருந்து இருநூறு அடி, மிஸ்ஸ ஒருக்கா நடத்திக் கூட்டிப் போய் ஒரு வாய் குடிக்கச் சொல்லியிருந்தாலே காணும். பாஸ முதல் நாளே கூப்பிட்டிருப்பன், சூளை கட்ட மட்டும் எண்டு பிந்திக் கூப்பிட்டது பிழை, சுண்ணாம்பும் செங்கலும் அவர் கண்டு பழகினது. சம்பளச் சீட்ட பொம்பிளையளோட இருந்து எழுதுவன். பேர்த்துண்டு விசயத்தக் கையெழுத்து வைக்க முந்தியே ஒப்பந்தத்துல போடுவன்.

ஓடர் எடுக்கிறது, சுட்டு ஒரு மாசம் வெளியில வச்சுப் பாத்த பிறகுதான்.

சூளைக்கு இன்னும் கூரை போடல்ல. வாடை தொடங்க முந்தி பதினாலு தகரம் வேணும், அதுக்கு மூடிச் சட்டிக் காசுல கொஞ்சம் சேத்து வச்சிருக்காங்க.